பெட்டிக்குத் துணையாகப் பறப்பது: ஆன்போர்டு கூரியர் சேவை எப்படி?

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். ஓசியில் உலகம் சுற்றலாம் என்ற ஆசையோடு இந்தச் சேவையில் பெயர் பதிகிறவர்களுக்கு ஐந்துக்கு ஒன்றரை. பெட்டியை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, மிச்சம் கிடைக்கிற நேரத்தில் கண்ணில் பட்டதைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்குத் தாராளமாக நான்கு.

நான் சிங்கப்பூர்க்காரி. சாங்கி ஏர்ஃபிரைட் சென்டரில் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் வேலை பார்த்தவள். ஏர்வே பில், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சுங்க பெர்மிட் என்று காகிதத்தோடேயே காலம் போயிற்று. வேலையை விட்ட பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. பழைய சக ஊழியை ஒருத்தி சொல்லி, ஆன்போர்டு கூரியர் ஏஜென்சி ஒன்றில் சேர்ந்தேன். ஏஜென்சியின் பெயரை எழுதப் போவதில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அவர்கள் இன்னும் எனக்குப் பயணம் தருகிறார்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தால் சரிவராது.

சேவை என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். எங்கோ ஒரு கார் தொழிற்சாலையில் ஒரு சின்ன பாகம் தீர்ந்துபோய் உற்பத்தி நிற்கப் போகிறது. பாகம் சிங்கப்பூரிலோ பக்கத்து மலேசியாவின் ஜொகூரிலோ இருக்கிறது. அதைக் கார்கோவாக அனுப்பலாம். ஆனால் கார்கோ என்றால் விமானம் கிளம்பப் பல மணி நேரத்துக்கு முன்பே கிடங்கில் ஒப்படைக்க வேண்டும். பாதுகாப்புச் சோதனை, பேலட் என்கிற சரக்குத் தட்டில் அடுக்குவது, இடம் இல்லையென்றால் அடுத்த விமானத்துக்குத் தள்ளுவது, போய் இறங்கிய பிறகு அந்தப் பேலட்டைப் பிரித்துத் தேடுவது என்று ஒன்றன் பின் ஒன்றாக இழுக்கும். அதே பெட்டி ஒரு பயணியின் செக்-இன் லக்கேஜாகப் போனால், அவர் இமிக்ரேஷன் வரிசையைத் தாண்டி வருவதற்குள் பெல்ட்டில் வந்து விழுந்திருக்கும். லக்கேஜ் போக வேண்டும் என்றால் கூடவே ஒரு பயணியும் போயாக வேண்டும். அந்த ஒரே காரணத்துக்காகத்தான் என்னை விமானத்தில் ஏற்றுகிறார்கள். என் டிக்கெட், ஓட்டல் செலவு எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு மணி நேரம் தொழிற்சாலை நிற்பதன் நஷ்டத்துக்கு முன்னால் அது அவர்களுக்குச் சில்லறை.

இந்தத் தொழிலின் ஆரம்பமே காகிதம்தான் என்பதில் எனக்கு ஒரு சின்ன பெருமை உண்டு. 1969இல் டால்ஸி, ஹில்புளோம், லின் என்ற மூன்று பேர் சேர்ந்து டிஎச்எல் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஹோனலூலுவுக்குப் போகும் கப்பல்களின் சரக்கு ஆவணங்களை, கப்பல் போய்ச் சேருவதற்கு முன்பே விமானத்தில் கையோடு எடுத்துப் போனார்கள். கப்பல் துறைமுகத்தைத் தொடும்போது சுங்க வேலை பாதி முடிந்திருக்கும். அந்த ஆவணங்கள் வந்து சேராமல் கன்டெய்னர் துறைமுகத்தில் கிடந்து வாடகை ஏறுவதை அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அது எவ்வளவு பெரிய யோசனை என்று எனக்குப் புரியும்.

பலரும் கேள்விப்பட்டிருக்கும் 'பாதி விலையில் வெளிநாடு' கதை அதற்கு அப்புறம் வந்தது. 80களிலும் 90களிலும் நியூயார்க், லண்டன், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற ஊர்களில் கூரியர் கம்பெனிகள் பயணிகளுக்கு டிக்கெட் விற்றன. விலை சாதாரண டிக்கெட்டில் பாதிகூட இருக்கும். பதிலுக்கு உங்கள் செக்-இன் லக்கேஜ் உரிமையை அவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். உங்களுக்குக் கைப்பை மட்டும். விமான நிலையத்தில் கம்பெனி ஆள் வந்து ஓர் உறையில் பட்டியலைக் கொடுப்பார். அந்தப் பக்கம் இன்னொருவர் வந்து அதை வாங்கிக்கொள்வார். மூட்டைகளை நீங்கள் கண்ணால்கூடப் பார்க்க மாட்டீர்கள். புறப்பாடு நெருங்க நெருங்க விலை இறங்கும். கடைசி நேரத்தில் ஆள் கிடைக்காவிட்டால் சும்மாவே ஏற்றிவிட்டதும் உண்டு. ஒரு விமானத்துக்குப் பெரும்பாலும் ஒரு கூரியர்தான் என்பதால் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து போக முடியாது. ஒருவர் இன்று போனால் மற்றவர் நாளை. அப்படி வந்து இறங்கும் முதுகுப்பை வெள்ளைக்காரப் பிள்ளைகளைச் சாங்கியில் நான் பார்த்திருக்கிறேன். ஒரு மாதப் பயணத்துக்கு இரண்டே சட்டையோடு வந்திருப்பார்கள்.

அந்த ஏற்பாடு இன்று இல்லை. பெரிய கூரியர் கம்பெனிகள் சொந்த விமானம் வாங்கிவிட்டன. சரக்கு வானத்தில் இருக்கும்போதே சுங்கத்துக்குக் கணினி வழியாக விவரம் போய்விடுகிறது. பத்திரங்களில் பாதியை ஃபேக்ஸ் விழுங்கியது, மீதியை மின்னஞ்சல் விழுங்கியது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, முன்பின் தெரியாத பயணியின் பெயரில் மூட்டை ஏற்றுவதை யாரும் விரும்பவில்லை. அதனால் இன்றைக்கு இணையத்தில் யாராவது 'கூரியராகப் பதிந்தால் மலிவு டிக்கெட்' என்று உறுப்பினர் கட்டணம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள். இப்போதைய ஏற்பாட்டில் நீங்கள் காசு கொடுக்க வேண்டியதே இல்லை, அவர்கள்தான் உங்களுக்குக் கொடுப்பார்கள். பதிலுக்கு வேலையும் அதற்கேற்ற மாதிரிதான்.

ஒரு ஃபிராங்க்ஃபர்ட் பயணத்தைச் சொன்னால் விளங்கும்.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. இன்றிரவு ஃபிராங்க்ஃபர்ட், மூன்று பெட்டி, வயர் கனெக்டர்கள், யார் தயார்? முதலில் கை தூக்குகிறவருக்குத்தான் என்று இல்லை. பாஸ்போர்ட், ஷெங்கன் பகுதியில் (ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகள்) ஏற்கெனவே கழிந்த நாட்கள், கிரெடிட் கார்டில் இருக்கும் இடம் எல்லாம் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். எனக்கு வந்தது. சாயங்காலத்துக்குள் டிக்கெட், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், அந்தப் பக்கத்துச் சுங்க முகவரின் எண் எல்லாம் போனுக்கு வந்துவிட்டன. இதில் ஏஜென்சியைக் குறை சொல்லவே முடியாது. நள்ளிரவில் கூப்பிட்டாலும் ஒரு மனிதர் போனை எடுக்கிறார்.

சாங்கி டெர்மினல் 3இல் ஓட்டுநர் பெட்டிகளோடு காத்திருந்தார். நான் முதலில் செய்வது பெட்டியைத் திறக்கச் சொல்வது. டேப் ஒட்டி சீல் வைத்த பெட்டி என்றால் எடுக்க மாட்டேன். ஏஜென்சியின் விதியும் அதுதான், விதி இல்லாவிட்டாலும் நான் அப்படித்தான். லக்கேஜ் சீட்டில் இருப்பது என் பெயர். சிங்கப்பூரில் போதைப்பொருள் சட்டம் எப்படி என்று இங்கே வளர்ந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று பொட்டலத்தை எடுத்துப் பாக எண்ணை இன்வாய்ஸோடு ஒப்பிடுவேன். ஓட்டுநர்கள் அலுத்துக்கொள்வார்கள். அலுத்துக்கொள்ளட்டும்.

அன்றைக்கு இன்னொரு தொல்லை. கைத்தராசில் மாட்டிப் பார்த்தால் ஒரு பெட்டி 33.6 கிலோ. ஒற்றைப் பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் கவுன்ட்டரில் ஏற்ற மாட்டார்கள். தூக்கிப் போடும் ஊழியர்களின் முதுகுக்காக வைத்த வரம்பு அது, கெஞ்சிப் பயனில்லை. இரண்டு கிலோ சொச்சம் இருந்த கனெக்டர் பொட்டலம் ஒன்றை எடுத்து, 28 கிலோ இருந்த அடுத்த பெட்டிக்கு மாற்றினோம். இதோடு முடிந்தது என்று நினைத்தால் அங்கேதான் மாட்டிக்கொள்வோம். பேக்கிங் லிஸ்ட்டில் பெட்டிவாரியாக எடையும் எண்ணிக்கையும் எழுதியிருக்கிறது. பெட்டிக்குள் இருப்பதும் காகிதத்தில் இருப்பதும் வேறு என்றால் அந்தப் பக்கத்துச் சுங்க அதிகாரி சும்மா விடமாட்டார். தரையில் உட்கார்ந்து ஏஜென்சிக்குப் போன் போட்டேன். நான் டேப் ஒட்டி முடிப்பதற்குள் தொழிற்சாலையிலிருந்து திருத்திய பட்டியல் மின்னஞ்சலில் வந்தது. பழைய பட்டியலைக் கிழித்துப் போட்டேன். இரண்டையும் வைத்திருந்தால் தப்பானதைத்தான் நீட்டத் தோன்றும்.

அப்புறம் கூடுதல் எடைக்கான கட்டணம். என் கார்டில் தேய்த்தேன், 2,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் போயிற்று. இதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

நள்ளிரவை ஒட்டிக் கிளம்பினால் விடியற்காலையில் ஃபிராங்க்ஃபர்ட். பெல்ட்டில் மூன்று பெட்டியும் வந்த பிறகுதான் மூச்சு வரும். ஒன்று குறைந்தாலும் மீதி இரண்டுக்கு மதிப்பு இல்லை. அதனால்தான் நேரடி விமானம் இருந்தால் ஏஜென்சிகள் அதையே எடுக்கின்றன, வழியில் மாற வேண்டியிருந்தால் இடைவெளியைத் தாராளமாக விடுகின்றன.

சுங்கத்தில் காட்ட எதுவும் இல்லை என்பவர்களுக்கான பச்சை வழியில் எல்லாரும் போய்க்கொண்டிருப்பார்கள். நாம் பொருளைக் காட்டிச் சொல்ல வேண்டிய சிவப்பு வழி. விமானத்தில் வருகிறவர்களுக்கு ஐரோப்பாவில் 430 யூரோ வரை வரியில்லாச் சலுகை உண்டு. ஆனால் அது சொந்த உபயோகப் பொருளுக்கு மட்டும்; வணிகச் சரக்குக்கு ஒரு யூரோகூடக் கிடையாது. வணிகச் சரக்கு 1,000 யூரோவுக்குள் என்றால் வாய்மொழியாகச் சொல்லி முடித்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் ஜெர்மனியில் அட்லஸ் என்ற சுங்கக் கணினி முறையில் முறைப்படி தாக்கல் செய்தாக வேண்டும். அதை முகவர் செய்வார். அவர் வரும்வரை பெட்டிகளோடு ஓர் ஓரமாக நிற்பதுதான் நம் வேலை. அதிகாரி ஒரு பெட்டியைத் திறந்தார், பொட்டலத்தை எடுத்தார், எண்ணைப் பார்த்தார், திருத்திய பட்டியலைப் பார்த்தார், மூடினார். அவ்வளவுதான். ஆனால் முகவர் வந்து, தாக்கல் ஏறி, விடுவிப்பு வருவதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. விமானத்தில் தூங்காமல் வந்த உடம்பு. கழிவறைக்குப் போவதென்றாலும் யார் பெட்டியைப் பார்ப்பது என்ற யோசனை. சின்னப் பிள்ளைகளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு பயணம் செய்த தாய்மார்களுக்கு இந்த நிலைமை பழக்கப்பட்டதுதான்.

வெளியே வந்து ஓட்டுநரிடம் ஒப்படைத்து, அவர் பெயர், நேரம், கையெழுத்து வாங்கி, படம் எடுத்துக் குழுவில் போட்டேன். அந்த நிமிடத்திலிருந்து மறுநாள் விமானம் வரை நான் சுதந்திரப் பறவை.

எஸ்-பான் ரயிலில் ஏறினால் கால் மணி நேரத்தில் ஊர் நடுவே போய்விடலாம். ஓட்டலில் ஒரு மணி நேரம் கண்ணை மூடிவிட்டு க்ளைன்மார்க்ட்ஹாலே சந்தைக்குப் போனேன். பார்க்க வேண்டிய இடம். பழம், பாலாடைக்கட்டி, தொத்திறைச்சி என்று வரிசையாகக் கடைகள். அங்கே இருந்துகொண்டு 'க்ரூனே சோசே' சாப்பிடாமல் வரக்கூடாது. ஏழு வகைப் பச்சிலைகளை அரிந்து தயிர், புளித்த பாலேட்டில் கலந்து, அவித்த முட்டையோடும் உருளைக்கிழங்கோடும் தருகிறார்கள். நல்ல ருசி. இரண்டு பச்சை மிளகாய் கிள்ளிப் போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், அதை அவர்களிடம் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தை மூடியிருக்கும், கவனம்.

இதுதான் நிலவரம். ஓர் அரை நாள், அதிகம் போனால் ஒரு நாள். பெரும்பாலும் ஓட்டலும் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே. ஐரோப்பா போய்வந்தேன் என்று சொன்னால் படம் எங்கே என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். பெட்டியின் படங்கள்தான் நிறைய இருக்கின்றன.

ஒரே விதிவிலக்கு, திரும்பும் தேதியை மாற்ற விடும்போது. ஜப்பானின் நகோயாவுக்கு ஒரு பெட்டி கொண்டுபோனபோது, டிக்கெட் மாற்றத்துக்கு ஆகும் தொகையை நானே கட்டிக்கொள்கிறேன், சில நாள் தங்கட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்கள். ரயிலேறித் தக்கயாமாவுக்குப் போனேன். இரண்டரை மணி நேரப் பயணம், பாதி வழி ஆற்றை ஒட்டியே போகிறது. பழைய மரவீடுகள், காலையில் ஆற்றங்கரைச் சந்தை. தங்குமிடமும் சாப்பாடும் என் செலவு, போகவரச் செலவு எனக்கு இல்லை. பழைய காலத்துப் பாதி விலை டிக்கெட்டுக்கு மிக அருகில் வருவது இதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் கிடைக்காது. இந்த ஆசையை வைத்துச் சேர வேண்டாம்.

பணம்? எனக்கு நாளுக்கு 250 வெள்ளி தருகிறார்கள். டிக்கெட், ஓட்டல், டாக்சி அவர்கள் கணக்கு. சாப்பாட்டுக்குத் தனியாக ஒரு தொகை உண்டு. பலர் கவனிக்காத லாபம் மைல்கள், அதாவது விமான நிறுவனம் தரும் பயணப் புள்ளிகள். கடைசி நேரத்தில் வாங்கும் டிக்கெட் விலை உயர்ந்த வகையாக இருப்பதால் மைல்களும் கூடுதலாகச் சேரும், அவை நம் கணக்குக்குத்தான் வரும். சென்ற தீபாவளிக்கு அந்த மைல்களில்தான் என் அம்மாவைத் திருச்சிக்குக் கூட்டிப்போனேன்.

குறைகளுக்கு வருகிறேன். 'பயணம் உறுதியாகலாம், தயாராக இருங்கள்' என்று ஒரு செய்தி போடுவார்கள். நாம் பையைக் கட்டி வைத்துவிட்டு, பேரன் பிறந்தநாளுக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்திருப்போம். ராத்திரி பத்து மணிக்கு 'ரத்து' என்று வரும். காத்திருந்ததற்கு ஒரு காசு கிடையாது. இரண்டாவது, அந்தக் கூடுதல் எடைக் கட்டணம். முப்பது நாளில் திருப்பித் தருவதாகச் சொல்வார்கள். ஆனால் இரண்டு முறை நினைவூட்டாமல் எனக்கு வந்ததில்லை. அதற்குள் கார்டு பில் வந்துவிடும். கோடிக்கணக்கில் புழங்கும் கார் கம்பெனிக்கு, ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி வட்டியில்லாக் கடன் கொடுக்க வேண்டியிருக்கிறது. முன்பணம் கொடுங்கள் என்று கேட்டால் நடைமுறை அப்படித்தான் என்கிறார்கள். மதிப்பெண்ணை இதற்காகவே இன்னும் குறைத்திருப்பேன், நள்ளிரவில் போனை எடுக்கிறார்களே என்று விட்டுவைத்தேன்.

திருச்சியில் இருக்கும் என் தம்பி மகன் இதைக் கேட்டதிலிருந்து, "அத்தை, என் பேரையும் அதுல சேர்த்துவிடுங்களேன்" என்று நச்சரிக்கிறான். அவனிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். இந்த வேலையில் முதல் தகுதி பாஸ்போர்ட். சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் விசா தேவையில்லை. சீனாவுக்கும் 2024 பிப்ரவரியிலிருந்து 30 நாள் வரை தேவையில்லை. மத்தியானம் செய்தி, ராத்திரி விமானம் என்கிற வேலைக்கு அது வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் விசாவைக் கையில் வைத்துக்கொண்டுதான் பெயரே பதிய முடியும். பத்து வருட அமெரிக்க விசா இருப்பவர்களை ஏஜென்சிகள் விரும்பி எடுக்கின்றன. ஷெங்கனுக்கும் 2024 ஏப்ரலிலிருந்து ஒரு வழி பிறந்திருக்கிறது. மூன்று வருடத்துக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் போய்வந்த இந்தியர்களுக்கு இரண்டு வருடப் பலமுறை விசா, அதற்கடுத்து ஐந்து வருடத்துக்கும் வாய்ப்பு. முதலில் அதைச் சம்பாதிக்கட்டும், அப்புறம் சேர்த்துவிடுகிறேன் என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

அவன் அடுத்துக் கேட்டதுதான் எனக்குப் பயம். "அப்போ தேக்கா பக்கம் சாமான் குடுத்து டிக்கெட் போட்டுத் தராங்களாமே, அது?" எங்கள் லிட்டில் இந்தியாவான தேக்காவில் அவன் கேள்விப்பட்டது குருவி வேலை. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும், அடுத்தவர் பொருள், அடுத்தவர் டிக்கெட். ஆனால் குருவி அந்தப் பொருளைத் தன்னுடையது என்று சொல்லிப் பச்சை வழியில் நடக்க வேண்டும். தங்கமோ போனோ பிடிபட்டால் கொடுத்தவன் தொலைபேசியை அணைத்துவிடுவான். வழக்கு டிக்கெட்டில் பெயர் இருப்பவன் மேல்தான். நான் சிவப்பு வழியில் போய், இது இன்னாருடையது, இன்ன விலை என்று காகிதத்தை நீட்டுகிறேன். எந்த ஏஜென்சியாவது 'கேட்டால் உங்களுடையது என்று சொல்லிவிடுங்கள்' என்று ஆரம்பித்தால் அது கூரியர் ஏஜென்சியே இல்லை. பயணப் பையில் மிச்ச இடத்தை முன்பின் தெரியாதவர்களுக்கு வாடகைக்கு விடும் செயலிகளையும் நான் தொடுவதில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தாலும், அனுப்புகிறவர் யார் என்று தெரியாமல் எதை வைத்து நம்புவது?

சேர நினைப்பவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஏஜென்சியிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. இறக்குமதி வரி யார் பெயரில் கட்டப்படுகிறது, அந்தப் பக்கம் சுங்க முகவர் ஏற்பாடாகிவிட்டாரா என்பது முதலில். கூடுதல் எடைக் கட்டணம் எத்தனை நாளில் திரும்பும் என்பது அடுத்து. சுங்கத்தில் பெட்டி தாமதமாகி நீங்கள் திரும்பும் விமானத்தைத் தவறவிட்டால் புது டிக்கெட்டும் அன்றைய ஓட்டலும் யார் செலவு என்று கடைசியாகக் கேளுங்கள். இதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அடுத்த ஏஜென்சியைப் பாருங்கள்.